சிக்னல் இல்லாத ஸ்கூலு, ஒரே ஒரு போனு: எந்த ஃப்ரீ ஆப்பை எடுக்க, எதை விட?

கேள்வி: களக்காடு பக்கம் மலையடிவாரத்துல ஒரு எய்டட் ஸ்கூல்ல வேலை பாக்கேன் சார். ஈராசிரியர் பள்ளி, ஒண்ணு ரெண்டு மூணு மூணு க்ளாஸும் எங்கிட்ட தான், 24 பிள்ளைய. பழைய மாணவங்க சேந்து ஒரு டிவி வாங்கித் தந்திருக்காங்க, மத்தபடி என் போன் தான். சிக்னல் வாசல்ல வேப்பமரத்தடில நின்னா தான் வரும். வாட்சப் க்ரூப்ல தினம் பத்து லிங்க் அனுப்புதாங்க, எல்லாம் ஃப்ரீன்னு போட்டிருக்கு, உள்ள போனா கார்டு நம்பர் கேக்கு. எதை எடுக்க, எதை விட? பிள்ளைய வீட்டுக்கும் ஏதாவது அனுப்பலாமா?

பதில்: டீச்சர், அந்தப் பத்து லிங்கையும் மொதல்ல ஒதுக்கி வச்சிருங்க. ஒரு ஆப் உங்க ஸ்கூலுக்குச் சரிப்படுமான்னு பாக்க ரெண்டு கேள்வி போதும். வீட்ல வைஃபைல எறக்கி வச்சுட்டு வந்தா ஸ்கூல்ல நெட் இல்லாம ஓடுமா? போன் உங்க கைலயே இருந்துக்கிட்டு 24 பேருக்கும் பிரயோஜனப்படுமா? இதுல ஒண்ணுக்குக் கூட ஆமான்னு பதில் வரலன்னா அது எவ்வளவு பேர் பெத்த ஆப்பா இருந்தாலும் நமக்கு வேண்டாம். கார்டு நம்பர் கேக்குதது ஃப்ரீயே கெடையாது, அது ட்ரையல், நாள் முடிஞ்சதும் காசு எடுத்துருவான், அங்கனயே மூடிருங்க.

உங்களுக்கு முத வேலையா நான் சொல்லுதது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச தளம், தமிழ்லயே கதைப் புத்தகம் ஏராளமா கெடக்கு. ஒவ்வொரு கதைக்கும் நிலை 1லேந்து 4 வரைக்கும் குறிச்சிருப்பாங்க, நிலை 1னா 250 வார்த்தைக்குள்ள, பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வார சொல்லு, உங்க பிள்ளையளுக்கு அதுவும் கொஞ்சம் நிலை 2வும் போதும். அக்கவுண்ட் போட்டுட்டு பிடிஎஃப்பா எறக்கிக்கலாம், பைசா கெடையாது. நெறைய டீச்சர்மாருக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுதேன், அதுல உள்ள கதையெல்லாம் திறந்த லைசென்ஸ்ல தான் போட்டிருக்காங்க, அதனால எழுதுனவங்க வரைஞ்சவங்க பேர் போட்ட பக்கத்தை மட்டும் கழட்டாம ஜெராக்ஸ் எடுத்து நூல் போட்டுத் தைச்சு க்ளாஸ்ல வச்சுக்கலாம், காப்பிரைட் அது இதுன்னு பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணு, சில கதை வேற பாஷைலேந்து வந்தது, தமிழ் வெறச்சுப் போயி இருக்கும், பிள்ளைய முன்னால வாய் விட்டு வாசிக்கும்போது தான் அது தெரியும், அதனால எறக்குததுக்கு முன்னால நீங்க ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாத்துருங்க, நாக்கு தட்டுச்சுன்னா அந்தக் கதை வேண்டாம், அடுத்ததுக்குப் போங்க. அந்தத் தளத்துல உள்ள படங்களை வச்சு நம்மளே கதை எழுதவும் வசதி இருக்கு. உங்க பிள்ளையளுக்கு வாழைத்தோட்டமும் மடையும் தெரியும், கூந்தன்குளத்துக்கு வார நாரையும் தெரிஞ்சிருக்கும், ஆளுக்கு ஒரு வரி சொல்லச் சொல்லி அவங்க பேச்சுலயே எழுதி பிரிண்ட் எடுத்துக் குடுத்தீங்கன்னா, தான் சொன்ன வரியை ஒரு பிள்ளை எப்படித் தேடிப் பிடிச்சு வாசிக்குன்னு பாருங்க.

மூணு க்ளாஸ் ஒரே ரூம்ல இருக்குத உங்களுக்கு இந்தப் புத்தகம் தான் பெரிய ஒத்தாசையும். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்தப்ப வாசிக்குத நிலையைப் பாத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிள்ளையளப் பிரிச்சாங்கல்லா, அதே மாதிரி வச்சுக்கோங்க. மலர்ல உள்ளவங்க தைச்ச புத்தகத்தோட ஒரு மூலைல உக்காந்து ஜோடி ஜோடியா வாசிக்கட்டும், மொட்டு படத்தைப் பாத்து சொல்லு எழுதட்டும், அந்த இருபது நிமிசம் அரும்பு பிள்ளைய கூட நீங்க உக்காரலாம். ஆப்பு எதுவும் இந்த இருபது நிமிசத்தைத் தராது, தாளு தரும்.

அடுத்தது தீக்ஷா, 2017ல மத்திய அரசு கொண்டு வந்தது. பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்குல்லா, அதை இந்த ஆப்ல ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கு உண்டான வீடியோவும் பயிற்சியும் வரும், ஆப்புக்குள்ளயே எறக்கி வச்சுட்டா ஸ்கூல்ல நெட் வேண்டாம். புத்தகம் கிழிஞ்சு கோடு ஸ்கேன் ஆகலன்னா கோடு பக்கத்துல ஆறு எழுத்து போட்டிருக்கும், அதை டைப் பண்ணுங்க, வந்துரும். எல்லா வீடியோவும் நல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன், சிலது வெறும் பாடத்தை வாசிச்சுக்கிட்டே போகும், அதுக்கு நீங்களே வாசிக்கலாம்.

டிவிக்கு: போன்லேந்து வயர்லெஸ்ல டிவிக்கு அனுப்புதேன்னு பீரியடு பூராவும் மல்லுக்கட்டுதாங்க சில பேரு, வேண்டாத வேலை. சும்மா ஒரு பென்ட்ரைவ் வாங்கி ஃபேட்32 ஃபார்மேட் பண்ணி வீடியோவை எம்பி4ஆ போட்டுக் கொண்டு போங்க, பழைய டிவியும் படிக்கும். ஃபைல் பேரை ஒண்ணு ரெண்டுன்னு நம்பர்ல வைங்க, சில டிவில தமிழ் பேரு கட்டம் கட்டமா தெரியும். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிசத்துக்கு மேல ஓட விடாதீங்க, நடுவுல நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்லே?"ன்னு கேளுங்க, இல்லன்னா அது டிவி பாக்குத பீரியடு தான்.

இப்பம் எனக்குப் பிடிச்ச ஒண்ணு, ப்ளிக்கர்ஸ். போன் ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்க கைல, பிள்ளைய கைல வெறும் தாளு. கோலம் மாதிரி கறுப்புக் கட்டம் போட்ட அட்டையை அவங்க தளத்துலயே ஃப்ரீயா எறக்கி பிரிண்ட் எடுக்கலாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பிள்ளைக்கு, நாலு பக்கமும் ஏ, பி, சி, டின்னு சின்னதா எழுதியிருக்கும், பதில் எதுவோ அந்தப் பக்கத்தை மேல வச்சுத் தூக்கிக் காட்டணும், நீங்க போன் கேமராவை அப்படியே ஒரு ஓட்டு ஓட்டுனா யார் சரி யார் தப்புன்னு நம்பர் வாரியா வந்துரும். பக்கத்துல உள்ள பய பதிலைப் பாத்துக் காப்பியடிக்க முடியாது, ஏன்னா ஆளாளுக்கு அட்டை வேற. வாய் திறக்காத பிள்ளைக்கும் இதுல பதில் சொல்ல வழி இருக்கு, எனக்கு அதான் முக்கியம். இதுக்கு நெட் வேணும், ஆனா வேப்பமரத்தடில சிக்னல் வருதுன்னு சொன்னீங்கல்லா, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எல்லாரையும் அங்கன உக்கார வச்சு கேள்வியை நீங்க வாயால கேட்டா போதும், டிவி வேண்டாம். ஃப்ரீ கணக்குல ஒரு செட்டுக்கு அஞ்சு கேள்வி தான் விடுவாங்க, ஒண்ணாங்கிளாஸுக்கு அஞ்சே கூடுதல். அட்டையை பளபளன்னு லேமினேஷன் பண்ணிராதீங்க, வெளிச்சம் அடிச்சு கேமரா படிக்காது, கெட்டித் தாள்ல பிரிண்ட் எடுத்தா போதும்.

கூகுளோட ரீட் அலாங் பத்தியும் க்ரூப்ல வந்திருக்கும். பிள்ளை வாசிக்க வாசிக்க கேட்டுக்கிட்டே திருத்தும், தமிழும் இருக்கு, நல்ல சாமான் தான், ஆனா மூணு க்ளாஸ் சத்தத்துக்கு நடுவுல அதால கேக்க முடியாது. திண்ணைல ஒரு பிள்ளையத் தனியா உக்கார வச்சா சரி. நம்ம பக்கத்துப் பிள்ளைய வாழைப்பழத்தை வாளப்பளம்னு தான் வாசிக்கும், அதனால ஆப் குடுக்குத ஸ்டாரை மார்க்கா எடுக்காதீங்க, உங்க காதை நம்புங்க.

ஊர்ல யார் வீட்லயாவது ப்ளஸ் டூல கெடைச்ச அரசு லேப்டாப் சும்மா தூசி பிடிச்சுக் கெடந்தா கேட்டு வாங்குங்க. அதுல ஜிகாம்ப்ரியும் படம் வரையுத டக்ஸ் பெயின்ட்டும் போட்டுட்டா போதும், ரெண்டும் முழுக்க ஃப்ரீ, விளம்பரம் கெடையாது, நெட்டும் வேண்டாம், டக்ஸ் பெயின்ட்ல மெனு தமிழ்லயும் வரும். ஜிகாம்ப்ரில நூத்துக்கும் மேல வெளையாட்டு இருக்கு, எண்ணுதது, மௌஸ் பிடிக்குதது, வடிவம் சேக்குததுன்னு. நாலு அஞ்சு எடுக்குத உங்க கூட்டு டீச்சருக்கு ஃபெட் சிமுலேஷன் சொல்லிவிடுங்க, கணக்கையும் அறிவியலையும் திரையில அசைச்சுப் பாத்துப் படிக்குத சாமான், அமெரிக்கால கொலராடோ யுனிவர்சிட்டி 2002லேந்து நடத்துதது, பின்னத்துக்கு அருமையா இருக்கும், ஒவ்வொண்ணையும் தனி ஃபைலா எறக்கி நெட் இல்லாம ஓட்டலாம்.

ஒர்க்‌ஷீட் தயார் பண்ண கேன்வா டீச்சர்மாருக்கு ஃப்ரீ, ஸ்கூல் ஐடி காட்டணும். டைப் அடிக்க நேரமில்லன்னா போன் கீபோர்டுல மைக்கை அமுக்கித் தமிழ்ல சொன்னாலே எழுதிரும், புள்ளி விட்டுருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப்பா குடுங்க, வேர்டு ஃபைலா குடுத்தா அவங்க கம்ப்யூட்டர்ல ஃபான்ட் மாறி எழுத்தெல்லாம் சிதறிப் போகும். ஏஐகிட்ட கணக்கு கேட்டா நிமிசத்துல இருபது குடுக்கும், பரவால்ல, ஆனா தமிழ்க் கதையும் பாட்டும் கேக்காதீங்க, இப்போதைக்கு அது எழுதுத பாட்டுல ஓசையே நிக்காது.

எந்த ஆப்லயும் பிள்ளைய பேரு, போட்டோ, பிறந்த தேதி போடாதீங்க. 1லேந்து 24 வரைக்கும் நம்பர் போடுங்க, எந்த நம்பர் யாருன்னு உங்க நோட்ல இருக்கட்டும். 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாரையும் குழந்தைன்னு தான் வச்சிருக்கு, பெத்தவங்க சம்மதம் பெரிய விஷயம். க்ளாஸ் வீடியோவை ஸ்டேட்டஸ்ல போடுததும் இதுல சேத்தி தான், சொன்னா கோவப்படுவாங்க சில பேரு.

வீட்டுக்கு அனுப்புதது: வீடியோ வேண்டாம். போன் அப்பா கூட தோட்டத்துக்குப் போயிரும், ராத்திரி தான் வீடு வரும், டேட்டாவும் தீந்திருக்கும். நிலை 1 கதை ஒண்ணை உங்க கொரல்லயே ரெண்டு நிமிசத்துக்கு வாசிச்சு வாய்ஸ் மெசேஜா விடுங்க. டேட்டா ஒண்ணும் பெருசா ஆகாது, அம்மா பீடி சுத்திக்கிட்டே பிள்ளைய பக்கத்துல வச்சுக் கேக்கலாம், கை வேலைல இருந்தாலும் காது சும்மா தானே இருக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி கூட கேட்டுட்டு மறுநாள் பிள்ளைகிட்ட கதை கேப்பா. க்ரூப் போட்டா எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பொம்பளையாளு நம்பர் இருக்குத எடத்துல அது சரிப்படாது, ப்ராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, அதுல ஆளாளுக்குத் தனித்தனியா போகும். ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணலன்னா ப்ராட்காஸ்ட் போய்ச் சேராது, அதனால அடுத்த கூட்டத்துக்குப் பெத்தவங்க வரும்போது போனை வாங்கி நீங்களே சேவ் பண்ணிக் குடுத்துருங்க.