டிசி கூடத் தரவில்லை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பிஎஸ்சி நர்சிங் மூன்றாவது செமஸ்டர். அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிறைய லீவ் போட்டேன். அட்டெண்டன்ஸ் 68 சதவீதத்தில் நிற்கிறது. மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தும் பரீட்சை எழுத விடவில்லை. போன மாதம் பிரின்சிபால் கூப்பிட்டு, "நீ இந்த ஃபீல்டுக்கு லாயக்கில்லை. சொந்த விருப்பத்துல நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் மீதி வருடங்களின் ஃபீஸையும் கட்டு என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் யூனிஃபார்மில் கிளம்பி சாயந்திரம் திரும்புகிறேன். ராத்திரி தூக்கமே இல்லை. இனி எனக்கு வழி இருக்கிறதா அக்கா?

பெயர் வேண்டாம்.

*

அன்புத் தங்கைக்கு,

கடலூர்க்காரி என்பதால் அப்பர் கல்லோடு கரையேறிய கதையைச் சொல்லித் தேற்றுவேன் என்று நினைத்திருப்பாய். மாட்டேன். அவரைக் கடலில் போட்டவர்கள் மீதி ஃபீஸ் கேட்கவில்லை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. உன்னை நீக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நீக்குகிறவர்கள் காரணம் எழுதி ஆர்டர் தர வேண்டும். உன்னிடம் கேட்பது, நீயாகவே போய்விட்டாய் என்பதற்கான அத்தாட்சி. அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய் என்ன கேட்பாய்?

அட்டெண்டன்ஸ் விஷயத்தில் ஆறுதலாக எதுவும் சொல்ல முடியாது. பரீட்சை எழுத தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீதம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. என்ன காரணத்துக்கு லீவ் போட்டாலும் இதுதான் கணக்கு. அதனால்தான் உன் மெடிக்கல் சர்டிபிகேட் செல்லவில்லை. ஆனால் பரீட்சைக்கு விடாதது வேறு, படிப்பை விட்டே அனுப்புவது வேறு. நான்கு வருடப் படிப்பை முடிக்க அதே கவுன்சில் 8 வருடம் வரை இடம் தருகிறது. விட்டதை மறுபடி படிக்க உனக்குக் காலம் இருக்கிறது.

உன் கல்லூரி புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நீ எழுதவில்லை. நம் ஊரில் பஸ் ஏறி இருபது நிமிஷத்தில் தமிழ்நாடு முடிந்துவிடும், அதோடு பல்கலைக்கழகமும் மாறிவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமாக இருக்கும். புதுச்சேரிப் பக்கம் என்றால் உன் முந்தைய செமஸ்டர் ஹால் டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார். மறு சேர்க்கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் கேள், கல்லூரி கிளார்க்கிடம் கேட்காதே.

சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அதைக் குறிப்பிட்டு கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு எழுது. யுஜிசியின் 2023 விதிப்படி 15 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீட்டைக் கேட்கப் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் நடக்காது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நானும் உன்னைப்போல வீட்டில் மறைத்தவள்தான். ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் என்னை நிற்கச் சொன்னார்கள். ஃபீஸ் பாக்கி, கூடவே நான் எதிர்த்துப் பேசிய ஒரு வார்த்தை. புடவை கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். பத்து மணிக்கு மேல் அங்கே மண்டை பிளக்கும். படகு நிழலில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைப் பதினொரு மணிக்கே தின்றுவிடுவேன். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "உங்க ஸ்கூல்ல மணல் அடிச்சிருக்காங்களா?" என்றாள். டிபன் பாக்ஸின் விளிம்பில் மணல். ஒரு வாரமாகவே தெரியுமாம். அந்த ஒரு வாரமும் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் திட்டவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் என்னோடு பஸ் ஏறினாள்.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தானே லீவ் போட்டாய்? அவரிடமே மறைக்கிறாய். சொல்லும்வரை ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

"லாயக்கில்லை" என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வார்டில் நின்றபோது உனக்கு எப்படி இருந்தது என்பதை நீதான் சொல்ல வேண்டும். பிடித்திருந்தது, இந்தக் கல்லூரிதான் பிடிக்கவில்லை என்றால் மூன்று வருட ஜிஎன்எம், இரண்டு வருட ஏஎன்எம் என்று வேறு நர்சிங் படிப்புகள் இருக்கின்றன. ரத்தத்தைப் பார்த்தாலே கூசியது, வீட்டுக்காகத்தான் சேர்ந்தேன் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "ஒரே வருடத்தில் நர்சிங்" பக்கம் மட்டும் போகாதே. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நர்ஸ் வேலை பார்க்க முடியாது.

லோன் எடுத்திருந்தால் வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவர்கள் கணக்கில் நீ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாய்.

நாளைக்கு யூனிஃபார்ம் போடாதே. காலையில் அம்மா காபி குடித்து முடிக்கட்டும், சொல்லிவிடு. கல்லூரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போ, தையல் ஆறியிருந்தால் மட்டும். மனுவை இரண்டு காப்பி எடு. ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வா. சீல் போட மாட்டேன் என்றால் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வை. என்ன ஆனது என்று எழுது.