லெதர் கோரல்: வெட்டணுமா, விட்டுடணுமா? – கேள்வி பதில்

திருச்சி: அண்ணா, என் கடல்நீர் மீன்தொட்டியில் டோட்ஸ்டூல் லெதர் (காளான் வடிவ சாஃப்ட் கோரல், அதாவது மென்பவளம்) பாறையிலிருந்து விழுந்து வேவ் மேக்கரில் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மாட்டிக்கொண்டது. தொப்பி ஓரம் கிழிந்து, இரண்டே நாளில் பழுப்பாகக் கொழகொழத்துவிட்டது. தானாக ஆறுமா?

வெறும் கிழிசல் என்றால் கைவைக்காதீர்கள், தானே மூடிக்கொள்ளும். கொழகொழப்பு வந்துவிட்டதால் இன்றே வெட்டுங்கள். அழுகல் தண்டுக்கு இறங்கிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

டேங்குக்குள் வைத்து வெட்டக் கூடாது. வெட்டுப்பட்ட லெதர் டெர்பீன் வகை நச்சை நீரில் விடும். பக்கத்திலிருக்கும் கல் கோரல்கள் சுருங்கிவிடும். மூன்று பாத்திரங்களில் டேங்க் தண்ணீரையே எடுங்கள். முதல் பாத்திரத்தில் வெட்டு. புது சர்ஜிக்கல் பிளேடு போதும், கத்தரிக்கோல் வேண்டாம். அது நசுக்கும், நசுங்கிய சதை மறுபடி அழுகும். அழுகல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல சதையில் ஒரே இழுப்பாக அறுங்கள். பிளேடு நறநறக்கும், அது சதைக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள், பயப்படாதீர்கள். வெட்டிய முகத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது பாத்திரத்தில் லிட்டருக்கு 10 சொட்டு 5% லுகோல் அயோடின் (அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசல்) கலந்து, கோரலை 10 நிமிடம் முக்கி வையுங்கள். மூன்றாவதில் நன்றாக அலசி, டேங்கில் நடுத்தர ஓட்டமும் மிதமான வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள். காயம் மணலில் படக் கூடாது, பம்ப் நேராக அடிக்கவும் கூடாது. மூன்று பாத்திரத் தண்ணீரையும் கீழே ஊற்றிவிடுங்கள். நச்சை உறிஞ்ச அன்றே டேங்கில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மூன்று நாளில் மாற்றுங்கள். காயம் சுமார் ஒரு வாரத்தில் மூடும். பாலிப் (தொப்பியில் பூப்போல் விரியும் சின்ன உயிர்கள்) திறக்க இன்னும் சில வாரம் பிடிக்கலாம்.

கோயம்புத்தூர்: லெதர் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கிறது. அழுகலா?

இல்லை, தோல் உரிக்கிறது. மேலே படிந்த பாசியைக் கழற்ற லெதர் அவ்வப்போது செய்வதுதான். ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், படலம் தானே போகும். சந்தேகம் வந்தால் மோந்து பாருங்கள்: அழுகிய சதை அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், தொட்டால் கையோடு வரும். உரிக்கிற லெதர் உறுதியாக இருக்கும்.

சேலம்: என் லெதரும் பத்து நாளாக மூடியே இருக்கிறது, பளபளப்பு…

மேலே கோவைக்குச் சொன்னதுதான். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

மதுரை: வெட்டிய துண்டு சூப்பர் க்ளூவில் நிற்கவில்லை.

நிற்காது. லெதர் விடும் வழவழப்பு க்ளூவைத் தள்ளிவிடும். சின்னக் கிண்ணத்தில் உடைந்த பாறைத் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் கோரலை வைத்து, பெரிய கண் உள்ள வலைத்துணியால் தளர்வாக மூடுங்கள். ஓட்டம் குறைவான மூலையில் இரண்டு வாரத்தில் பற்றிக்கொள்ளும். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்திலேயே அறுபடும்.

சென்னை: சாஃப்ட் கோரலுக்கு அயோடின் அவசியம் என்கிறார்களே. வாரம் 5 சொட்டு லுகோல் டேங்கில் விடுகிறேன், 100 லிட்டர். காயம் சீக்கிரம் ஆறும்தானே?

தயவுசெய்து நிறுத்துங்கள். கடல்நீரில் அயோடின் லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம்; 100 லிட்டருக்கு 6. அயோடைடையும் சேர்த்தால், 5% லுகோலின் ஒரே சொட்டில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. நீங்கள் வாராவாரம் ஐந்து மடங்கு விடுகிறீர்கள்.

சென்னை: ஆனால் என் ஸீனியா (இன்னொரு சாஃப்ட் கோரல்) நன்றாக வளர்கிறதே?

அயோடின் விடாத டேங்குகளிலும் ஸீனியா காடாக வளர்கிறது.

புதுச்சேரி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) கார்பனும் அயோடினை எடுத்துவிடுமே. திருப்பி விட வேண்டாமா?

எடுக்கும், சரிதான். ஆனால் மீன் உணவிலும் உப்பிலும் கொஞ்சம் திரும்ப வருகிறது. அதற்கு மேல் விட வேண்டுமென்றால் அளந்து பார்த்துவிட்டு விடுங்கள், கண்மூடித்தனமாக வேண்டாம்.

சென்னை: அப்படியென்றால் வெட்டியபின் முக்கும் குளியலில் மட்டும் லிட்டருக்கு 10 சொட்டு எப்படிச் சரி?

அங்கே அது சத்து இல்லை, கிருமிநாசினி. கடலைவிட ஆயிரம் மடங்கு அடர்த்தி, பத்தே நிமிடம், பிறகு கொட்டிவிடுகிறோம். அதனால்தான் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டிகூட டேங்குக்குத் திரும்பக் கூடாது.

வேலூர்: லுகோல் இல்லை, பீட்டாடின் ஸ்க்ரப் போடலாமா?

கூடாது, அதில் சோப்பு இருக்கிறது. லுகோல் இல்லாவிட்டால் சுத்தமாக வெட்டி, புது உப்புநீரில் அலசினால் போதும்.

சென்னை, இன்னொருவர்: மே மாதம் டேங்க் 31 டிகிரி. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். வெட்டிய லெதர் இளைத்துக்கொண்டே போகிறது.

சூடு, பூஜ்யச் சத்து இரண்டுமே காரணம். சில்லர் இல்லையென்றால் நீர்மட்டத்தை ஒட்டி ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறும். இலக்கு 26 டிகிரி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு. பூஜ்யச் சத்தில் லெதர் பட்டினி கிடக்கும்: நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் வரட்டும். மீனுக்குக் கூடுதலாகப் போட்டாலே வந்துவிடும்.

ராமநாதபுரம்: செத்தால் மண்டபம் பக்கம் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள்.

ஈரோடு: பக்கத்துப் பாறையில் ஸோயாந்தஸ் (கூட்டமாகப் பரவும் பவள இன உயிர்) லெதரை நெருக்குகிறது. பாறையை வெந்நீரில் போட்டுக் கொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். ஸோயாந்தஸில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். நீராவியோடு கிளம்பி வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். லெதரை நகர்த்துங்கள். ஸோயாந்தஸைத் தொடும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

திருநெல்வேலி: லெதர் ஐந்து நாளாகத் திறக்கவில்லை, வெட்டிவிடவா?

மோந்து பார்த்தீர்களா? நாற்றம் இல்லையென்றால் பிளேடை எடுக்காதீர்கள்.