இலக்கணம் மட்டும் பார்த்தால் போதுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஏழு மாதங்களாகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். எங்கள் மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஒரு கான்ஃபிக் ஃபைலை யாமல் (YAML) என்ற மொழியில் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று விளக்கும் 40 பக்கக் கையேட்டைத் திருத்தும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எழுதியவர்கள் டெவலப்பர்கள். "இலக்கணம் மட்டும் பாருங்க, டெக்னிக்கல் விஷயத்துல கை வைக்காதீங்க" என்றார் டீம் லீட். அப்படியே செய்தேன். செய்து முடித்துப் பார்த்தால், ஸ்பெல் செக் பார்க்கிற மெஷின் செய்யாத எதையும் நான் செய்யவில்லை என்று தோன்றுகிறது. உதாரணங்களைத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இந்த மாதிரி ஆவணத்தில் எடிட்டர் எதுவரை போகலாம்? இதைத் தமிழிலும் கொண்டுவர வேண்டும் என்று ஓர் ஆசை. சிரிக்காதீர்கள்.

வி. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வி.,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னுடைய பழைய தப்பு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கையேடு என் மேசைக்கு வந்தது. மொழியை மட்டும் சரிபண்ணிக் கொடுங்கள் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். அதில் ஒரு மாதிரி ஃபைல், ஏழெட்டு வரிகள். பெயர், இடம், தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்று எல்லா மதிப்புகளும் வெறுமனே நின்றன. ஒரே ஒரு வரியில் மட்டும், பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்பு 3.10 என்பது இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்தது. பிழை திருத்துகிறவனின் கண் எங்கே போகும்? எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று அந்த இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டேன். கையேடு வெளியானது. அதைப் பார்த்து ஃபைல் எழுதியவர்களுக்கெல்லாம் மென்பொருள் போய் பைத்தான் 3.1ஐத் தேடி, கிடைக்காமல் நின்றது.

மேற்கோள் குறி இல்லாவிட்டால் யாமல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். எண்ணாகப் பார்த்தால் 3.10, 3.1 இரண்டும் ஒன்றுதான், கடைசிச் சைபருக்கு மதிப்பு கிடையாது. குறிக்குள் இருந்தால் அது எழுத்து, போட்டது போட்டபடி இருக்கும். 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது இந்தக் குழியில் நிறையப் பேர் விழுந்தார்கள் என்று பின்னால் தெரிந்து கொஞ்சம் ஆறுதல்பட்டேன். ஆனால் அவர்கள் குறி போட மறந்தவர்கள். நான் இருந்ததைப் பிடுங்கியவன். இலக்கணம் மட்டும் பார்க்கச் சொன்னார்கள், இலக்கணம் மட்டும்தான் பார்த்தேன்.

உங்கள் டீம் லீட் கிழித்த கோடு அந்தப் பக்கங்களில் கிடையாது. ஒரு நாவலில் நிறுத்தற்குறி எடிட்டரின் வசம். இங்கே ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகள் குடியிருக்கின்றன, ஆங்கிலமும் யாமலும். முக்காற்புள்ளி, சிறுகோடு, மேற்கோள் குறி எல்லாம் இரண்டுக்கும் பொது, செய்யும் வேலை மட்டும் வேறு. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குக்கூட யாமலில் அர்த்தம் உண்டு. 2001இல் கிளார்க் எவன்ஸ் இதைத் தொடங்கி, இங்கி டாட் நெட், ஓரன் பென்-கிகி இருவரோடும் சேர்ந்து வடிவமைத்தார். மனிதர் படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதனால் அடைப்புக்குறிகளைக் குறைத்து, நாம் மளிகைச் சீட்டு எழுதுகிற பாணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். குறி குறைந்தால், எது எண், எது எழுத்து, எது ஆம்-இல்லை என்பதை நிரல்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரே ஓர் எச்சரிக்கை. தெரியாமல், புரியாமல் இரண்டிலும் யாமல் இருக்கிறது.)

அந்த ஊகம் எங்கெல்லாம் போகும் என்று பாருங்கள். நாடுகளின் ஈரெழுத்துக் குறிகளைப் பட்டியல் போடுகிறீர்கள். இந்தியாவும் இலங்கையும் ஒழுங்காக வரும். நார்வேயின் குறி என், ஓ. அதை 'நோ' என்று படித்து, 'இல்லை' என்கிற பூலியன் மதிப்பாக்கி வைக்கும். இதற்கு நார்வே சிக்கல் என்றே பெயர் விழுந்துவிட்டது. 22:22 என்று இரண்டு போர்ட் எண்களை (கணினி இணைப்புகளை ஏற்கும் வாசல்களின் எண்களை) எழுதினால், அறுபது அறுபதாக எண்ணும் கணக்கென்று நினைத்து 1342 ஆக்கிவிடும். நிறத்தின் குறியீடு # என்று தொடங்கும் இல்லையா, அதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தால் அங்கிருந்து வரி முடியும்வரை குறிப்புரை என்று ஒதுக்கிவிடும், நிறத்துக்கு மதிப்பே இருக்காது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நார்வேயும் அறுபதும் 2005இல் வந்த யாமல் 1.1 பதிப்பின் விதிகள். 2009இல் வந்த 1.2 இரண்டையும் கைவிட்டது. ஆனால் ஃபைலைப் படிக்கும் பார்சர்கள் எல்லாம் அதோடு சேர்ந்து மாறவில்லை. பைத்தான்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பையாமல் இன்றும் 1.1 வழிதான். ஆக ஒரே ஃபைல் ஒரு பார்சரில் 'நோ' என்ற எழுத்து, இன்னொன்றில் 'இல்லை' என்ற மதிப்பு. உங்கள் 40 பக்கத்தில், இந்த மென்பொருள் எந்தப் பதிப்பின்படி படிக்கிறது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற திருத்தங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

நல்ல ஆவணங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்றும் பார்த்துவையுங்கள். டாக்கர் கம்போஸ் என்ற மென்பொருளின் ஆவணத்தில் போர்ட் பற்றிய பகுதியிலேயே, அந்த ஜோடியை மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லி, அறுபதின் கணக்காகிவிடும் என்ற காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் 'அடிக்கடி நேரும் தவறுகள்' என்று ஒரு மூலையில் ஒதுக்கவில்லை. குபெர்நெட்டீஸ் என்ற வேறொரு மென்பொருளின் ஆவணத்தில் இன்னொன்று. ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதியை யாமலில் 0644 என்று எட்டடிமான எண்ணாக (எட்டு எட்டாக எண்ணும் கணக்கில்) எழுதலாம். தரவு எழுதும் இன்னொரு வடிவமான ஜேசானில் (JSON) எட்டடிமானம் கிடையாது, அதனால் அதே அனுமதியை 420 என்று எழுத வேண்டும். அதையும் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நம் ஊர் ஆள் 420ஐப் பார்த்து வேறு ஏதோ நினைத்திருப்பான்.

நிரல் தெரியாது என்கிறீர்கள். இந்த வேலைக்கு அது தடையில்லை. யாராவது ஒரு டெவலப்பரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, யாமல் ஃபைலைக் கொடுத்தால் ஜேசானாக மாற்றிக் காட்டும் ஏற்பாட்டை உங்கள் கணினியில் செய்துகொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் எந்தப் பார்சரை வைத்திருக்கிறதோ அதே பார்சராக இருக்க வேண்டும், அது முக்கியம். ஜேசானில் ஊகத்துக்கு இடமில்லை, எழுத்து என்றால் மேற்கோள் குறியோடுதான் நிற்கும். கையேட்டின் ஒவ்வொரு உதாரணத்தையும் அதில் போட்டு, வந்த விடையையும் பக்கத்தில் உள்ள விளக்கத்தையும் ஒத்துப் பாருங்கள். என்னுடைய 3.10 அன்றைக்கு அதில் போயிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும்.

ஆனால் உதாரணத்தை டெவலப்பர் கொடுத்த மூல ஃபைலிலிருந்து எடுக்காதீர்கள். வெளியான பக்கத்திலிருந்து, வாசகர் செய்வது போலவே காப்பி செய்து ஒட்டுங்கள். மூலத்தில் சரியாக இருப்பது பக்கத்துக்கு வரும் வழியில் கெட்டுப்போகிறது. நேர் மேற்கோள் குறி அழகான சுருள் குறியாகிவிடும், பார்சருக்கு அது மேற்கோள் குறியே இல்லை. மூன்று சிறுகோடுகள் சேர்ந்து ஒரே நீளக் கோடாகிவிடும். சாதாரண இடைவெளி இருந்த இடத்தில், வரி உடையாமல் பிடித்துவைக்கும் இடைவெளி வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, யாமல் அதை இடைவெளியாகவே எண்ணாது. உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தட்டினாலோ, விதிப்படியே பிழை. பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் உள்தள்ளல் மொத்தமாகவே காணாமல் போவதும் உண்டு. எம்.எஸ். வேர்டில் திருத்துகிறீர்கள் என்றால் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, எதைத்தான் தொடக்கூடாது? சாவிப் பெயர்களை, அதாவது முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் சொற்களை. டெவலப்பர் ஒரு சாவியின் பெயரைத் தப்பான ஸ்பெல்லிங்கில் வைத்திருந்தால், கையேட்டிலும் அது தப்பாகத்தான் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்டிடிபி நெறியில் 'ரெஃபரர்' என்ற ஹெடரின் பெயர் ஓர் எழுத்துக் குறைவாக 1996இல் ஆவணமாகி, இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பிழையோடுதான் ஓடுகிறது. சரியான ஸ்பெல்லிங்கில் எழுதினால் நிரல் அதை அடையாளம் காணாது. டெவலப்பரிடம் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் அவர் மாற்றட்டும்.

மாற்றவேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வேலையில் பாதி கேள்விதான். ஒரு சாவியை 'விருப்பத் தேர்வு' என்று போட்டிருப்பார்கள். போடாவிட்டால் என்ன மதிப்பு எடுத்துக்கொள்ளும்? சாவியை எழுதி, முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டால்? யாமலில் அது வெற்று எழுத்து அல்ல, 'நல்' (null), மதிப்பே இல்லை என்று அர்த்தம். சாவியே இல்லாததும், சாவி இருந்து நல்லாக இருப்பதும், வெற்று மேற்கோள் குறி இருப்பதும் மூன்று வேறு நிலைமைகள். பல டெவலப்பர்களுக்கே மூன்றிலும் தங்கள் நிரல் என்ன செய்யும் என்று தெரிந்திருக்காது. நீங்கள் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், அப்புறம் போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு பிழையைச் சத்தமில்லாமல் திருத்துவார்கள். உங்கள் பெயர் எங்கேயும் வராது. பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பெல் செக் மெஷின் என்று உங்களையே குறைத்துக்கொண்டதால் ஒன்று சொல்கிறேன். 2021 அக்டோபரில் யாமல் 1.2.2 வந்தது. மொழியின் விதிகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. 2009இல் எழுதிய வரையறையைப் படித்தால் புரியும்படி திருத்தினார்கள், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு பதிப்பு எண்ணே கொடுத்தார்கள்.

இனி தமிழ் ஆசை. 40 பக்கத்தையும் ஒரே மூச்சில் தமிழாக்காதீர்கள். சாவிகளின் பட்டியலை மொழிபெயர்ப்பதால் யாருக்கும் பெரிய லாபமில்லை. 'இது எதற்கு, எப்போது வேண்டும்' என்று விளக்கும் பக்கங்களை மட்டும் எடுங்கள். ஒரு சிக்கல் வரும். இணையத் தர விதிகளை எழுதுகிறவர்களுக்கான ஆர்எஃப்சி 2119 என்ற 1997ஆம் வருட ஆவணம் மஸ்ட், ஷுட், மே ஆகிய மூன்றையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. முதலாவது கட்டாயம், இரண்டாவது தக்க காரணம் இருந்தால் மீறலாம், மூன்றாவது உங்கள் இஷ்டம். நம் 'வேண்டும்' முதல் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடும். நான் 'கட்டாயம்', 'நல்லது', '-லாம்' என்று பிரித்து எழுதிப் பார்க்கிறேன். அழகாக இல்லை, குழப்பமும் இல்லை.

தமிழாக்கமே செய்யாவிட்டாலும் தமிழ் உங்களுக்கு உதவும். ஆங்கிலத்தில் 'செட்' என்ற வினைக்கு எல்லாக் காலத்திலும் ஒரே உருவம், செயப்பாட்டிலும் அதேதான். டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) மதிப்பு 30 என்று 'செட்' ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தால், அதை நான் வைக்க வேண்டுமா, நிரல் தானாக வைத்துக்கொள்ளுமா, யாரோ ஏற்கெனவே வைத்துவிட்டார்களா என்று ஆங்கிலம் சொல்லாமலே நழுவிவிடும். அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வைக்க வேண்டும், வைத்துக்கொள்ளும், வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாக்கியமே முடியாது. எங்கே நாக்கு தயங்குகிறதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு டெவலப்பருக்கு அனுப்புங்கள்.

அனுப்பும்போது அந்த 30 வினாடியா, மில்லிவினாடியா என்பதையும் கேட்டுவிடுங்கள். நிச்சயம் எழுதியிருக்க மாட்டார்கள்.