டெல்லி பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

தஞ்சாவூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு முதல் சுற்றிலேயே டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இடம் ஒதுக்கிவிட்டார்கள், விடுதியும் அதோடு சேர்ந்து வந்துவிடுமா, வராவிட்டால் வெளியில் எங்கே பார்ப்பது என்பது உங்கள் கேள்வி. சேர்ந்து வராது. விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்த வேலையை இன்றைக்கே தொடங்க வேண்டும். 1998-ல் முதுகலை படிக்க டெல்லிக்கு வந்த நான், சேர்க்கைக் கட்டணம் கட்டிய ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அறையும் அதில் அடக்கம் என்று நம்பி ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். விடுதிப் படிவத்துக்கான கடைசி நாள் முடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த முதல் ஆண்டு முழுவதும் முனிர்கா கிராமத்தில் சன்னல் இல்லாத ஓர் அறையில் கழிந்தது.

2022 முதல் இளநிலை இடங்களைப் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகமே ஒதுக்குகிறது. ஆனால் விடுதி பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் பொறுப்பு. பல கல்லூரிகளில் விடுதியே கிடையாது. மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், இந்திரபிரஸ்தா, தௌலத் ராம் போன்ற கல்லூரிகளில் இருக்கிறது, ஆனால் சேரும் மாணவியரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகக் குறைவு. இருப்பதையும் பாடவாரியாகவும் இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகவும் பிரித்து மதிப்பெண் வரிசையில் தருகிறார்கள். இதில் பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அடுத்த சுற்றில் இன்னும் விருப்பமான கல்லூரி கிடைக்கட்டும் என்று ‘அப்கிரேட்’ கொடுத்து, அது கிடைத்தும் விட்டால், பழைய கல்லூரியில் போட்ட விடுதி விண்ணப்பம் பயனற்றுப் போகிறது, புதிய கல்லூரியிலோ விடுதிப் பட்டியலே தயாராகியிருக்கும். ஆகவே விருப்ப வரிசையைத் தொடுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் விடுதி அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது லோக்கல் கார்டியன், அதாவது பெற்றோருக்குப் பதிலாக உள்ளூரில் பொறுப்பேற்பவர். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலான கல்லூரி விடுதிகள் டெல்லியிலோ அதை ஒட்டிய நகரங்களிலோ வசிக்கும் ஒருவரின் ஒளிப்படம், முகவரிச் சான்று, கையொப்பம் ஆகியவற்றைக் கேட்கின்றன; சேரும் நாளில் அவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லும் விடுதிகளும் உண்டு. படிவத்தை நிரப்பிவிட்டால் போதும் என்று எண்ணி, யாரோ ஒரு தூரத்து உறவினரின் பெயரைப் பெயருக்கு எழுதிவிடாதீர்கள். இதுவரை நான்கு பெண்களுக்கு நான் கையொப்பமிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்திக்கு ஓர் அக்டோபர் மாதத்தில் டெங்கு வந்தபோது இரவு பதினொரு மணிக்கு வார்டன் அழைத்தது என்னைத்தான். அவளுடைய பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு இரவுகள் என் மனைவி மருத்துவமனையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள், ரத்தத் தட்டணு எண்ணிக்கை வரும்போதெல்லாம் தாளில் எழுதி அவர்களுக்குத் தொலைபேசியில் படித்துச் சொன்னாள். இப்படி வரக்கூடியவரா என்பதை மட்டும் பாருங்கள். சொந்தத்தில் எவரும் இல்லையென்றால் ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விஹார் பக்கங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, உங்கள் ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார். மத்திய அரசுப் பணியில் உள்ளவரென்றால், இடமாற்றம் வரவிருக்கிறதா என்று தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே ஓ.பி.சி. பிரிவுக்குச் செல்லாது, மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்டு, நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும்.

விடுதி கிடைக்காவிட்டால் பிஜிதான், அதாவது பணம் கட்டித் தங்கும் தனியார் இடம். வடக்கு வளாகம் என்றால் விஜய் நகர், கமலா நகர், ஹட்சன் லைன், முகர்ஜி நகர். தெற்கு வளாகம் என்றால் சத்ய நிகேதன். காணொளியை மட்டும் பார்த்து, அறையைப் பிடித்து வைக்கும் டோக்கன் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகளுக்காக விஜய் நகரில் ஓர் அறை பார்க்கப் போனேன். காணொளியில் பளிச்சென்று இருந்த அறைதான். பகல் இரண்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னேன், என் உள்ளங்கையே தெரியவில்லை. புதிதாக ஒட்டியிருந்த சுவர்த்தாளை ஓரத்தில் விரலால் அழுத்தினால் உள்ளே சுவர் ஈரமாக அமுங்கியது. சன்னல் என்று காட்டியது பக்கத்துக் கட்டடத்தை ஒரு முழத் தூரத்தில் பார்த்துத் திறந்தது. மாடிப்படியையும் கட்டாயம் பாருங்கள். செப்டம்பர் 2023-ல் முகர்ஜி நகரில் பெண்கள் பிஜி ஒன்றில் படிக்கட்டருகே இருந்த மின் மீட்டர் பலகையில் தீப்பிடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியரைத் தீயணைப்புத் துறையினர் மீட்க வேண்டியிருந்தது. இரண்டாவது வழி இல்லாத கட்டடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாடகையோடு மின்கட்டணத்தையும் கேளுங்கள். டெல்லியில் வீட்டு இணைப்புக்கு முதல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 3 ரூபாய்தான் ஆற்றல் கட்டணம், ஆனால் பிஜிக்காரர்கள் சப்-மீட்டர் வைத்து எட்டு, பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். ஏசி ஓடும் மே, ஜூன் மாதங்களில் அது வாடகையில் பெரும்பங்காகிவிடும். ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு அது, அதில் தவறில்லை. நடுவில் காலி செய்தால் செக்யூரிட்டி பணம் திரும்புமா என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். என் தங்கை மகள் பிறகு சேர்ந்த வேறோர் இடத்தில் அது வாய்ப்பேச்சாகவே இருந்தது, ஒரு மாத வாடகையை இழந்தாள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், விடுதியின் காத்திருப்புப் பட்டியல் முதல் பட்டியலோடு முடிவதில்லை. பணம் கட்டாமல் விலகியவர்கள், வேறு கல்லூரிக்குப் போனவர்கள் என்று இடங்கள் திறந்துகொண்டே இருக்கும். ஆகவே பிஜி பிடிக்கும்போது ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகளை வாரம் ஒருமுறை விடுதி அலுவலகத்துக்கு நேரில் போய்த் தன் வரிசை எண்ணைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால் பணம் கட்ட இரண்டு மூன்று நாட்கள்தான் தருவார்கள், அந்தத் தொகை அவள் கணக்கிலேயே இருக்கட்டும்.