ஆடி மழையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: பந்தலூர் பக்கம் கரண்ட் இல்லாத 30 வீடுகள். எல்லாம் சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். வீட்டுக்கொரு சோலார் பேனல், ரைஸ் குக்கர், ஃபேன் வாங்கித் தர நினைக்கிறோம். எத்தனை வாட் பேனல் போதும்? (வாசகர், குன்னூர்)

பதில்: முதலில் குக்கரை அடித்துவிடுங்கள். 700 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 350 வாட்-மணி போய்விடும். இரண்டு 5 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்து, இரண்டு செல்போனும் சார்ஜ் ஏற, அது ஐந்து நாளுக்குக் காணும். சூடு பண்ணும் எதுவும் சின்ன சோலாருக்கு ஆகாது. ஃபேனா? பந்தலூர் குளிருக்கு அந்த வீட்டு அம்மாக்களே சிரிப்பார்கள்.

ஆக, ஒரு நாள் தேவை 70 வாட்-மணி. பிப்ரவரி வெயிலில் 20 வாட் பேனலே இதைத் தந்துவிடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆடியில் மூட்டம் போட்டால் முழு வெயிலுக்கு ஈடாக இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வயரிலும் பேட்டரியிலும் போகிற இழப்பைக் கழித்தால் 50 வாட் மட்டுமட்டாக வரும். 75 வாங்குங்கள். மூன்று நாள் இருட்டைத் தாங்க 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வேண்டும். ஆசிட் பேட்டரி விலை குறைவுதான், ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்வெர்ட்டரும் வேண்டாம். ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), பல்பே போடவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது என்று ஓர் அக்கா சத்தியம் செய்தார். பொய் இல்லை. அணைக்காமல் விட்ட இன்வெர்ட்டர் சும்மா கிடந்தே 7 வாட் தின்றுகொண்டிருந்தது; ஒரு நாளைக்கு 168 வாட்-மணி! எல்லாவற்றையும் பேட்டரி நேராகத் தரும் 12 வோல்ட் டிசியிலேயே ஓட்டுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் 230 வோல்ட் பல்பு இதில் எரியாது என்பதால் வீட்டுக்கு இரண்டு உபரி பல்பு கொடுத்துவிடுங்கள்.

பேனல் தெற்குப் பார்த்து, 15 டிகிரி சாய்வில் இருக்கட்டும். சில்வர் ஓக் கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே மின்சாரம் பாதியாகிவிடும். கூடலூர், பந்தலூரில் பல வீடுகளுக்கு இணைப்பு கிடைக்காததற்குக் காரணம், 1969 ஜன்மம் (ஜமீன் மாதிரியான பரம்பரை நிலவுடைமை) நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாமல் அந்த நிலம் சிக்கிக் கிடப்பதுதான். அதனால் சிமெண்ட் வைத்துப் பூசாமல், கழற்றி எடுத்துப்போகிற மாதிரி போல்ட் போட்டு மாட்டுங்கள்.

மிச்சப் பணத்தில் வீட்டுக்கொரு சார்ஜ் டார்ச். ராத்திரி கக்கூசுக்குப் போகிறவர்களுக்கு யானை நிற்பது தூரத்திலேயே தெரியவேண்டும். வாங்கும்முன் இருட்டில் அடித்துப் பாருங்கள்.