சேலத்து அமைச்சர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி: சேலம் மாவட்ட அமைச்சர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுத வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தேதி இருக்கிறது. எதை நம்புவது?

முதலில் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: தேர்தல், தொகுதி, முடிவு, பதவி. வெற்றிகளை மட்டும் எழுதினால் பாதி வாழ்க்கை காணாமல் போய்விடும். எடப்பாடி பழனிசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் சேவல் சின்னத்தில் எடப்பாடியில் வெற்றி, 1991இலும் வெற்றி. 1996இல் தோல்வி. 1998இல் திருச்செங்கோடு எம்.பி., 1999, 2004 இரண்டிலும் அதே தொகுதியில் தோல்வி, 2006இல் எடப்பாடியில் தோல்வி. 2011இல் ஜெயித்த பிறகுதான் நெடுஞ்சாலை, சிறு துறைமுகங்கள் துறை அமைச்சர். 2016இல் பொதுப்பணித் துறையும் சேர்ந்தது. முதல் வெற்றிக்கும் முதல் அமைச்சர் பதவிக்கும் நடுவே 22 ஆண்டுகள். தோற்ற தேர்தல்களை விட்டுவிட்டால் இந்த இடைவெளிக்குக் காரணமே புரியாது.

தேதிக் குழப்பம் பெரும்பாலும் மூன்று நாள்களை ஒன்றாக்குவதால் வருகிறது: முடிவு அறிவித்த நாள், பதவியேற்ற நாள், இலாகா மாறிய நாள். பழனிசாமி முதல்வராகப் பதவியேற்றது 2017 பிப்ரவரி 16. நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று வென்றது 18ஆம் தேதி. பதவிக்காலம் தொடங்குவது 16இல்தான். வாக்கு எண்ணிக்கைக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை, பதவியேற்புக்கும் இலாகாவுக்கும் அரசிதழ், சொத்து, வழக்கு விவரங்களுக்கு வேட்பாளரே தாக்கல் செய்த படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம். மேடைப் பேச்சும் கட்சி மலரும் இவற்றுக்குப் பிறகுதான்.

தொகுதிப் பெயரிலும் ஏமாறாதீர்கள். சேலம்-1, சேலம்-2, பனமரத்துப்பட்டி, தாரமங்கலம், தலைவாசல் என்று பழைய பட்டியலில் இருப்பவை 2008 மறுசீரமைப்பில் போய்விட்டன. புதிய எல்லையில் முதல் சட்டமன்றத் தேர்தல் 2011இல். பெயர் நிலைத்த தொகுதிக்கும் எல்லை அதேதான் என்று நினைத்து 2006 வாக்கு வித்தியாசத்தை 2011உடன் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். மாவட்டமும் அப்படித்தான்: தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆகவே ‘சேலத்துக்காரர்’ என்று எழுதும் முன் எந்த ஆண்டுச் சேலம் என்று குறிப்பிடுங்கள்.

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: எம்.எல்.ஏ. ஆகாமலே ஒருவர் அமைச்சர் ஆகலாமா?

ஆகலாம், ஆறு மாதத்துக்கு. அரசியல் சாசனம் 164(4) அதற்கு இடம் தருகிறது. அதற்குள் ஜெயித்து வராவிட்டால் பதவி போய்விடும். ஒருநாள் முன்னதாக ராஜினாமா செய்து, மறுநாள் புதிதாகப் பதவியேற்று இன்னொரு ஆறு மாதம் ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதே அவையின் காலத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று பஞ்சாப் வழக்கொன்றில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 21இல் ஜெயலலிதாவின் நியமனத்தை ரத்து செய்தபோது இன்னொன்றும் தெளிவானது: தேர்தலில் நிற்கத் தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாதமும் கிடையாது.

ராஜாஜி 1952இல் முதல்வரானது வேறு வழி. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10இல் பதவியேற்றார். மக்கள் ஓட்டு ஒன்றுகூட வாங்காமல் முதல்வரா என்று அன்றைக்கே பலத்த எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்புதான் என்பது நம் கருத்து. மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை, எனவே அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது.

வாசகி, அம்மாப்பேட்டை: மாவட்டத்துக்கு ஓர் அமைச்சர் என்பது சட்டமா?

இல்லை. பேரவை பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 234இல் அது 35, முதல்வரையும் சேர்த்து. மாவட்டங்களோ 38. சட்டம் போட்டாலும் பங்கு வராது.

வாசகர், தாரமங்கலம்: குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன் எந்தக் கட்சிப் பலத்தில் முதல் மந்திரி ஆனார்?

கட்சியே இல்லாமல். 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தது. ஆளுநர் கோஷன், சுயேச்சையான ப. சுப்பராயனை அழைத்தார். அவரையும் சேர்த்து மூன்றே மந்திரிகள். இரட்டை ஆட்சிக் காலம் அது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவைதான் மந்திரிகளிடம். போலீஸும் நிதியும் ஆளுநரின் நிர்வாக சபையிடம். சாவியில்லாத பெட்டியைக் காவல் காப்பது மாதிரி. 1928இல் சைமன் கமிஷன் விவகாரத்தில் உடனிருந்த இருவரும் விலக, எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் ஐயரும் வந்தனர். ஆதரவு சுயராஜ்யக் கட்சியிடமிருந்து நீதிக்கட்சிக்கு மாறியது. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது இந்த அமைச்சரவையில்தான். பேர் முழுக்க முத்தையா முதலியாருக்குப் போனது, அது சரியும்கூட.

1930இல் பதவி போன பிறகும் சுப்பராயன் ஓயவில்லை. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி. 1947இல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை. பிறகு இந்தோனேசியத் தூதர், மத்திய அமைச்சர், 1962இல் மகாராஷ்டிர ஆளுநர். முன்பு தனக்குக் கீழே மந்திரிகளை வைத்திருந்தவர் பின்பு இன்னொருவர் கீழ் மந்திரியாக இருக்கச் சம்மதித்தது இன்றைக்கு அபூர்வம்.

வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்: மதுவிலக்கு முதலில் சேலத்தில் வந்தது உண்மையா?

உண்மை. 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சி. கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது.

பட்டதாரி இளைஞர், நாகலூர், ஏற்காடு: எங்கள் தொகுதியில் நிற்க விரும்புகிறேன். மனு எதனால் தள்ளுபடி ஆகிறது?

ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி. சேர்வராயன் மலை மட்டுமல்ல, வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியும் அதில் உண்டு. வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மலையாளி சமூகம் மாவட்டவாரியாகத்தான் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. சேலம் அதில் உண்டு. சாதிச் சான்று கோட்டாட்சியர் கொடுத்ததாக இருக்கட்டும். வைப்புத்தொகை பொதுவாக 10,000 ரூபாய், உங்களுக்கு 5,000. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும்.

அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். எல்லோரும் ஏற்காடு தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். ஒருவர் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலில் இருந்தாலே மனு விழும். சேலம் டவுனில் வாக்கு இருக்கும் உறவினரைச் சேர்த்துக்கொண்டு சிக்குபவர்கள் உண்டு. நீங்களே வேறு தொகுதி வாக்காளர் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகல் தேவை. படிவம் 26இல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ‘இல்லை’ என்றாவது எழுதுங்கள். மனுவைக் கொடுத்ததும் அங்கேயே உறுதிமொழி எடுத்துவிடுங்கள். பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் அது முடிந்திருக்க வேண்டும். கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்கு வாசல் அடைக்கப்படும். கட்சி வேட்பாளருக்கு, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்களும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். நான்கு மனு வரை கொடுக்கலாம், இரண்டாவது கொடுத்து வைப்பது நல்லது.