செய்யாத குற்றத்துக்கு வெளிநாட்டுச் சிறையில் கிடப்பவரை விசுவாசம் நிஜமாகவே தாங்குமா?

தாங்கும். ஆனால் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்ட மேடைகளில் சாட்சி சொல்வார்களே, சிறைக்குள் தேவப் பிரசன்னம் நிரம்பி வழிந்தது என்று, அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தச் சாட்சிகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஆண்ட்ரூ பிரன்சன் சொன்னதுதான் அதிகம் நம்பும்படி இருந்தது.

பிரன்சன் அமெரிக்கப் போதகர். துருக்கியில் 23 வருஷம் ஊழியம், இஸ்மீரில் ஒரு சின்னச் சபை. (பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் வரும் சிமிர்னாதான் இந்த இஸ்மீர். "பிசாசானவன் உங்களில் சிலரைக் காவலில் போடுவான்" என்று எழுதப்பட்டது அந்த ஊர்ச் சபைக்கே.) 2016 ஜூலையில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. அதைத் தொடர்ந்த கைதுகளில், அக்டோபரில் இவரையும் மனைவி நோரினையும் பிடித்தார்கள். நோரினை 13 நாளில் விட்டுவிட்டார்கள். இவர்மேல் உளவு, பயங்கரவாத அமைப்புகளுக்கு உதவி என்று வழக்கு. 35 வருஷம் வரை தண்டனை கிடைக்கலாம் என்ற நிலை. 8 பேருக்கான அறையில் 20 பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள், அதில் கிறிஸ்தவர் இவர் ஒருவர்தான்.

மிஷனரிகளின் சரித்திரங்களை நிறைய வாசித்தவர். உள்ளே அதுவே பாரமாகிவிட்டது. பைபிளில் அப்போஸ்தலன் பவுலும் அவர் தோழர் சீலாவும் பிலிப்பி ஊர்ச் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள். நமக்கோ ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாகக்கூடத் தெரியவில்லை, கோளாறு நம்மிடம்தான் போல என்று நொறுங்கிப்போனார். எடை 20 கிலோவுக்கு மேல் இறங்கியது. புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் எப்படி நிலைத்தார்? ஆண்டவர் மௌனமாக இருந்தாலும் சரி, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன் என்று தீர்மானித்தார். நிந்திக்கப்படும் நாளில் "சந்தோஷப்பட்டுக் களிகூருங்கள்" என்று லூக்கா 6-இல் இருக்கிறதல்லவா, அதற்குக் கீழ்ப்படிந்து தினமும் கொஞ்ச நேரம் நடனமாடினார். மனசில் சந்தோஷம் இருந்ததா என்றால், இல்லை. வெறும் கீழ்ப்படிதல்தான். எனக்கு அந்த வறண்ட நடனம் எந்த உருக்கமான ஜெபத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. நோரினும் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்து, போய்ப் பார்த்துத் தைரியப்படுத்திக்கொண்டிருந்தார்.

பவுலுக்கும் சீலாவுக்கும் பிலிப்பியில் நடந்தது மாதிரி பூமியதிர்ச்சி எதுவும் வந்து கதவு திறக்கவில்லை. 2018 ஆகஸ்டில், இவரை விடச் சொல்லி நெருக்கிவந்த அமெரிக்கா இரண்டு துருக்கி அமைச்சர்கள்மேல் தடை போட்டது, துருக்கியின் எஃகு, அலுமினியத்துக்கான இறக்குமதி வரியை இரட்டிப்பாக்கியது, துருக்கி நாணயமான லிரா சரிந்தது. அக்டோபர் 12-ஆம் தேதி நீதிமன்றத்தில், தான் நிரபராதி என்றும், இயேசுவை நேசிப்பதாகவும், துருக்கியை நேசிப்பதாகவும் சொன்னார். நீதிபதிகள் குற்றவாளி என்றே தீர்ப்பளித்து, 3 வருஷம் 1 மாதம் 15 நாள் தண்டனை விதித்து, உள்ளே இருந்த காலத்தைக் கணக்கில் எடுத்து அனுப்பிவைத்தார்கள்.